கைக்கு எட்டாத முதுகு

மனித உடலில், உரியவனாலேயே காணவும் முடியாமல், முழுமையாகத் தொடவும் முடியாமல் அமைந்த பகுதி முதுகு. முகத்தை நீரில் பார்க்கலாம். காலைக் குனிந்து கழுவலாம். முதுகை மட்டும் பிறர் சொல்லியே அறிகிறோம். இளமையில் இக்குறை தெரிவதில்லை. கை வளைகிறது, விரல் சென்று சேர்கிறது. ஐம்பதைக் கடந்த பின்னரே, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே ஒரு சாண் அகலத்திற்கு நம் ஆட்சிக்கு உட்படாத நிலம் ஒன்று இருப்பது புலனாகிறது.

வரலாறு என்றவுடன் நம் மாணவர்க்கு அரசரும் போரும் ஆண்டுகளுமே நினைவுக்கு வருகின்றன. சற்று விரிந்த நோக்குடையோர் உரல், உலக்கை, ஆட்டுக்கல், முறம் ஆகியவற்றையும் வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்வர். ஆனால், கடையில் வாங்கப்படாமலும் பெயர் இடப்படாமலும், ஒரு முதியவர் தம் தேவைக்குத் தாமே கட்டி முடிந்து வைத்துக்கொண்டு, அவர் மறைந்த மறுநாளே குப்பைக்குப் போய்விடும் பொருள்களை எவரும் எழுதி வைப்பதில்லை. ஜொகூர் மாநிலத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முதியோர் முதுகு தேய்த்துக் குளிக்கச் செய்துகொண்ட கருவிகள் அத்தகையவை. இப்பொருளைக் கண்டு புன்னகைக்கும் வாசகர் சிலர் இருக்கக்கூடும். அவர்கள் இளையோராகத்தான் இருத்தல் வேண்டும்.

தமிழிலக்கியம் முதுகைப் பெரும்பாலும் போர்க்களத்தில் வைத்தே பார்த்தது. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருது புறப்புண் பெற்ற சேரமான் பெருஞ்சேரலாதன், அவ்விழுக்கைப் பொறாது வடக்கிருந்து உயிர் நீத்தான். மகன் புறமுதுகு காட்டினான் என்று கேள்வியுற்ற முதியவள், வாளோடு களம் சென்று பிணங்களைப் புரட்டிப் பார்த்த செய்தியைக் காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் புறநானூற்றுப் பாட்டு சொல்கிறது. பிற்காலத்துத் திருவிளையாடற் கதையில் பிட்டுக்கு மண் சுமந்த இறைவனின் முதுகிலும் பாண்டியனின் பிரம்படியே விழுகிறது. புண்ணும் தழும்பும் ஏறிய முதுகைப் பாடிய நம் புலவர்கள், அதன் அழுக்கையும் அரிப்பையும் பாடத்தக்கனவாகக் கருதவில்லை. அதற்காக அவர்கள்மீது குறை காண்பதற்கில்லை. அந்நாளில் முதுகு தேய்ப்பது ஒரு சிக்கலாகவே இருந்திருக்காது. ஏனெனில் தேய்த்துவிட ஆள் இருந்தது.

இவ்விடத்தில் இலக்கண ஆசிரியர்க்கு ஒரு செய்தி. ‘குளித்தல்’ தன்வினை, ‘குளிப்பாட்டுதல்’ பிறவினை. பிறந்த குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுகிறோம். மணமக்களுக்கு நலங்கு வைத்து நீராட்டுகிறோம். கோவிலில் இறைவனுக்குத் திருமஞ்சனம் ஆட்டுகிறோம். எந்தத் தெய்வமும் தானே குளிப்பதில்லை. இறந்தவரையும் பிறரே குளிப்பாட்டி அனுப்புகின்றனர். சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி பத்துவகைத் துவரும் ஐவகை விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரில் ஆடுகிறாள். நீரின் கூட்டுப்பொருள்களை எண்ணிச் சொன்ன இளங்கோவடிகள், முதுகைத் தேய்த்த நாரை எண்ணவில்லை. ஏவலர் பலர் இருக்கும் மாளிகையில் அதற்குத் தேவையும் இல்லை. ஆக, வாழ்வின் பெருநிகழ்ச்சிகள் அனைத்திலும் நீராட்டு பிறவினையாகவே நிற்கிறது. இடைப்பட்ட நாள்களில் மட்டும் தன்வினையாகிறது. அந்தத் தன்வினைக்குக் கை போதாமற் போகும் வயதில்தான் நம் கருவிகள் பிறக்கின்றன.

முதுமையையும் நீராடலையும் ஒருங்கே நினைந்த புலவர் ஒருவர் புறநானூற்றில் உண்டு. இளமையில் மரக்கிளையினின்றும் மடுவிற் பாய்ந்து, அடியிலிருந்து மணலை அள்ளிக் காட்டிய நாளை எண்ணி இரங்கும் கிழவர் அவர். இன்றோ தடி ஊன்றி, இருமலுக்கு இடையிடையே சில சொற்கள் பேசும் நிலை. அவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஊன்றிய தடியே பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கப்படுகிறார். முதுமைக்குத் துணையான கருவி ஒன்று, ஒரு புலவருக்கே பெயராய் நிலைத்தது நம் இலக்கியத்தில். எனவே இக்கட்டுரையின் பொருள் அவ்வளவு இழிந்ததன்று என்று அமைதி கொள்ளலாம்.

உரோமப் பேரரசில் ஒரு நிகழ்ச்சி. 117 முதல் 138 வரை ஆண்ட ஹேட்ரியன் என்னும் பேரரசன், பொதுக் குளிப்பகத்திற்குச் சென்று மக்களோடு நீராடும் வழக்கமுடையவன். ஒருநாள் அங்கே, தன் படையில் முன்பு பணியாற்றிய முதிய வீரன் ஒருவன் முதுகைச் சுவரில் உராய்ந்துகொண்டிருக்கக் கண்டான். ஏன் இவ்வாறு செய்கிறாய் என்று வினவ, தேய்த்துவிட எனக்கு அடிமை இல்லை என்றான் அவன். அரசன் அவனுக்கு அடிமைகளையும் அவர்களை வைத்துக் காப்பதற்கான பொருளையும் கொடுத்தான். செய்தி பரவிற்று. மற்றொரு நாள் முதியவர் பலர் குளிப்பகத்துச் சுவரில் முதுகை உராய்ந்துகொண்டு நின்றனர். அரசன் அவர்களை அழைத்து, ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான். ஹேட்ரியனின் பழைய வரலாற்று நூலில் காணப்படும் இக்கதையை நகைச்சுவைக்காகவே பலரும் எடுத்துரைப்பர். எனக்கோ அம்முதல் கிழவனின் விடைதான் பெரிதாகப் படுகிறது. உரோமர் உடலை வழித்துத் தூய்மை செய்ய வளைந்த உலோகக் கருவி ஒன்றை வைத்திருந்தனர். அதுவும் முதுகுக்கு வரும்போது இன்னொருவர் கையில் இருக்கவேண்டியதாயிற்று. கருவி இருந்தும் ஆள் இல்லையேல் சுவரே கதி.

இனி நம் மண்ணுக்கு வருவோம். ஜொகூர் இரயில் பாதை 1909-இல் முற்றுப்பெற்றது. அதன் இருமருங்கும் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து வந்தோரில் பெரும்பாலோர் இளைஞர். அவருள்ளும் ஆடவரே மிகுதி. தொடக்க காலத் தோட்டங்களில் முதுமை என்பதே அரிது. உழைக்கும் வயது கடந்தோர் ஊர் திரும்பினர். 1930-ஐ ஒட்டிய பெருமந்தத்தின்போது பல்லாயிரவர் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். நோயால் இளமையிலேயே மாண்டோரும் பலர். 1938-இல் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதற்குத் தடை விதித்த பின்னர், இங்கிருந்தோர் இங்கேயே தங்கி, மணம் முடித்து, மக்களைப் பெற்று, மூப்படையத் தொடங்கினர். ஊழியர் சேமநிதி 1951-இல் தோன்றிற்று. ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு என்னும் எண்ணமே அதன் பின்னர்தான் தோட்டத்து மக்களிடம் வேரூன்றியது. தோட்டத்துப் பாட்டன் பாட்டியர் என்னும் தலைமுறை அவ்வகையில் அண்மைக் காலத்தது. அவர்களுடைய கருவிகளும் அவ்வாறே.

அத்தலைமுறையினர் குளித்த இடம் திறந்த வெளி. லயத்துக்கு ஒரு பொதுக்குழாய், அதன் அடியில் சிமெண்டுத் தொட்டி, பக்கத்தில் துணி துவைக்கும் கல். விடியற்காலை பெரட்டுக்குச் சென்று, பால் வெட்டி முடித்து, நண்பகலுக்குப் பின் திரும்பியோர் அத்தொட்டியைச் சூழ்ந்து நிற்பர். பெண்கள் மார்பளவு கட்டிய கைலியோடு குளிப்பர். அங்கே முதுகு தேய்ப்பதற்குக் கருவி வேண்டியதில்லை. “ஏ புள்ள, இப்படி வந்து கொஞ்சம் முதுகத் தேச்சு விடு” என்று ஒரு பாட்டி குரல் கொடுத்தால், அப்பாட்டிக்கு உறவில்லாத பெண்ணும் வந்து தேய்த்துவிடுவாள். தேய்த்தவள் முதுகை வேறொருத்தி தேய்ப்பாள். ஆண்கள் பக்கத்திலும் இவ்வழக்கம் இருந்தது. சாதி பார்த்துத் தள்ளி நின்றோரும் தோட்டத்தில் இருந்தனர் என்பதை மறைத்தல் தகாது. தொட்டி ஒன்றாயினும் எல்லா முதுகும் எல்லாக் கைக்கும் உரியனவாக இருக்கவில்லை.

வாரத்தில் ஒருநாள் எண்ணெய் முழுக்கு. ஔவையின் ஆத்திசூடி அதற்குச் சனிக்கிழமையை வகுத்து, சிறுவர்க்கே பாடமாக வைத்தது. தோட்டத்திலோ ஓய்வு ஞாயிறன்றுதான் என்பதால், ஔவையின் கட்டளை பல வீடுகளில் ஒருநாள் தள்ளிப்போயிற்று. மண்ணெண்ணெய்த் தகரத்தில் நீர் காய்ச்சி, நல்லெண்ணெய் வைத்து, சீயக்காயோ அரப்போ தேய்ப்பர். எண்ணெயின் பிசுக்கு வெறுங்கைக்கு அசையாது. ஆகையால் நார் வேண்டியதாயிற்று. முதலில் வந்தது தேங்காய் நார். மட்டையை உரித்து, தட்டி, தூள் போக்கி, உருட்டிக்கொண்டால் போதும். தென்னை மட்டையின் அடியில் வலைபோற் படர்ந்திருக்கும் பன்னாடையை மடித்துத் தேய்த்தோரும் உண்டு. கள் வடிகட்டப் பயன்பட்ட பன்னாடை, கள் குடித்தவனின் முதுகுக்கும் உதவியது என்று எங்கள் தோட்டத்தில் கேலி பேசுவர்.

1942 முதல் 1945 வரை நிகழ்ந்த ஜப்பானியர் ஆட்சியில் சவர்க்காரமும் துணியும் அருகின. தேங்காயெண்ணெய், செம்பனை எண்ணெய் ஆகியவற்றைக் கொண்டு வீடுகளிலேயே சவர்க்காரம் காய்ச்சினர்; கோணிச்சாக்கை வெட்டி உடுத்தினர். தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டோரில் பலர் திரும்பவில்லை. அக்கொடுமையின் நடுவே முதுகு தேய்ப்பதைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. ஆயினும் ஒரு சிறு செய்தியைக் குறித்தாகவேண்டும். அந்நாளில் உடையாய் இருந்த சாக்குத் துண்டு, அமைதி திரும்பியபின் குளிக்குமிடத்திற்கு வந்து சேர்ந்தது. என் இளமையில், நான்கு விரல் அகலத்திற்குச் சாக்கைக் கிழித்து, நீளவாட்டில் மடித்துத் தைத்து, இரு நுனியிலும் முடிச்சிட்டு வைத்திருந்த முதியோரைக் கண்டிருக்கிறேன். ஒரு முனையைத் தோளுக்கு மேலும் மறு முனையை இடுப்புக்குக் கீழும் பிடித்து மாறி மாறி இழுப்பர். சாக்கு புதிதாக இருக்கும்போது தோல் சிவந்துவிடும். ஆகையால் புதுச்சாக்கை ஒரு மாதம் கால் மிதிக்கப் போட்டுவிட்டு, நைந்த பின்னரே முதுகுக்கு எடுப்பர்.

நார்களில் தலையாயது பீர்க்கே. வரம்புகள் எழுந்த பீர்க்கங்காயைக் குழம்பிலும் துவையலிலும் அறிவோம். வழவழப்பான மேற்புறம் உடைய மற்றொரு வகையை நுரைப்பீர்க்கு என்பர். மலாய்க்காரர் இவற்றைப் பெத்தோலா என்கின்றனர். ‘லூஃப்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்தே தாவரவியலார் இதற்கிட்ட ‘லூஃபா’ என்னும் பெயர் வந்தது. பிஞ்சில் கறியாகும் இக்காய் முற்றினால் வாயில் வைக்க முடியாது. சதை முழுதும் நாராய் இறுகிவிடும். நீரையும் உணவையும் காய் முழுவதற்கும் கொண்டு சென்ற நுண்குழாய்களே அந்நார் வலை. நாருக்கென்று விடும் காயைக் கொடியிலேயே காயவிடவேண்டும். தோல் பழுப்பேறி, எடை குறைந்து, குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும். அப்போது பறித்து, நீரில் ஊறவைத்து, தோலை உரித்து, கருவிதைகளை உதிர்த்து, வெயிலில் உலர்த்துவர். மழை மிகுந்த நம் நாட்டில் கொடியிலேயே பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடுவதும் உண்டு. அதனால் எங்கள் பக்கத்து முதியோர் காய் முக்கால் காய்ந்ததும் பறித்து, அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிடுவர்.

உலகச் சந்தையில் இந்நாருக்கு ஒரு காலத்தில் பெருமதிப்பு இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜப்பான் இதனைப் பெருமளவில் ஏற்றுமதி செய்தது. குளியலுக்கு மட்டுமன்றிக் கப்பல் எந்திரங்களில் வடிகட்டியாகவும் அது பயன்பட்டது. லயத்து வேலியில் தானாய்ப் படர்ந்த கொடியின் காய்க்குப் போர்க்கப்பலோடும் உறவு இருந்ததை அறிந்தால் நம் பாட்டியர் வியந்திருப்பர்.

ஒற்றைப் பீர்க்க நார் கையளவே நீளும்; முதுகுக்கு எட்டாது. இங்கேதான் முதியோரின் அறிவு வேலை செய்தது. நாரை நீளவாட்டில் பிளந்து தட்டையாக்கி, இரண்டையோ மூன்றையோ ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்து, சாக்குத் துண்டின்மேல் பொருத்துவர். பிடிக்கக் கயிறு கட்டினால் ஈரத்தில் வழுக்கும், கையை அறுக்கும். ஆகையால் பழைய மிதிவண்டிச் சக்கரத்தின் உட்குழாயை வளையமாக வெட்டி இருபுறமும் இணைத்தனர். தாம் பால் வெட்டிய மரத்தின் பொருளே நீண்ட பயணத்திற்குப் பின் தம் கைப்பிடியாகத் திரும்பி வந்திருப்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவ்வளையத்தின் சிறப்பு அது விரிந்து சுருங்குவதில் இருக்கிறது. ஒரு கை நன்றாக ஓடி, மறு கை ஓடாதிருப்பினும் இழுப்பின் குறையை இரப்பர் ஈடுசெய்யும்.

கை ஏன் ஓடாமற் போகிறது? மருத்துவர் ‘உறைந்த தோள்’ என்னும் நோயைச் சொல்வர். கோட்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1934-இல் அதற்கு அப்பெயரிட்டார். பெரும்பாலும் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் வரும். நீரிழிவுடையோர்க்கு மிகுதியாக வரும். தோள் மூட்டைச் சூழ்ந்த உறை தடித்துச் சுருங்கிவிட, கையைப் பின்னுக்கு வளைத்து முதுகைத் தொடும் அசைவு பெரிதும் குன்றிவிடுகிறது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ள முடியும். முதுகைச் சொறிய முடியாது. நம் மக்களுக்கு இதனோடு தொழிலின் சுமையும் சேர்ந்தது. பால் நிறைந்த வாளிகளைக் காண்டாக் கட்டையின் இருமுனையிலும் தொங்கவிட்டு, மேடும் பள்ளமுமான நிறைகளைக் கடந்து, பால் கொட்டகைக்கு நடந்த தோள்கள் அவை. பின்னாளில் செம்பனைக்கு மாறியபோது, நீண்ட கழியில் கட்டிய அரிவாளைத் தலைக்கு மேல் உயர்த்திக் குலை அறுத்தனர். இருபது முப்பது ஆண்டுகள் இவ்வாறு உழைத்த தோள், ஓய்வு பெற்ற பின் தன் முதுகையே தேய்க்க மறுத்துவிடுகிறது. முதுகு தேய்க்கும் கருவி ஒவ்வொன்றும் அந்தத் தோள் இழந்த அசைவுக்கு இட்ட ஒட்டு என்றே நான் காண்கிறேன்.

பக்கவாதத்தால் ஒரு கை முற்றும் செயலிழந்தோர் இரண்டு கைகளால் இழுக்கும் பட்டையைப் பயன்படுத்த இயலாது. ரெங்கம் வட்டாரத் தோட்டம் ஒன்றில் ஒரு முதியவர் இதற்கு எளிய வழி கண்டிருந்தார். பட்டையின் ஒரு வளையத்தைக் குளியலறைத் தூணில் அறைந்த ஆணியில் மாட்டிவிட்டு, மறு வளையத்தை நல்ல கையில் பிடித்துக்கொள்வார். பிறகு பட்டையை அசைக்காமல் தம் உடலையே முன்னும் பின்னும் அசைப்பார். அண்டை வீட்டார் ஒருவரோ தென்னங்கயிற்று மிதியடியைச் சுவரில் ஆணியடித்து நிறுத்தி, சவர்க்காரம் பூசி, அதில் முதுகைச் சாய்த்து உராய்ந்துகொண்டார். ஹேட்ரியன் கண்ட கிழவனின் உறவினர் அவர்.

வேறு வகைகளும் இருந்தன. நீண்ட காம்புடைய பழைய அகப்பையின் தலையில் துணியைச் சுற்றிக் கட்டியது ஒன்று. கடலோரச் சிற்றூர்களில் கிழிந்த நைலான் மீன்வலையை உருட்டிப் பின்னியது ஒன்று. நுரை நன்றாக வரும், விரைவில் உலரும். எழுபதுகளில் நம் இளம்பெண்கள் சிங்கப்பூருக்கும் புதிய தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குச் சென்றபோது, அவர்கள் கழித்துப் போட்ட நீண்ட நைலான் காலுறையும் பயனுக்கு வந்தது. சவர்க்காரக் கட்டியை அதன் நடுப்பகுதிக்குத் தள்ளி, இருபுறமும் முடிச்சிட்டால், தேய்ப்பும் சவர்க்காரமும் ஒன்றேயாகிவிடும். கட்டி கை நழுவித் தரையில் விழுவதில்லை. அதனை எடுக்கக் குனிந்து வழுக்கி விழும் ஆபத்தும் இல்லை. முதியோர் நலன் கருதி இன்று மருத்துவமனைகளில் கற்பிக்கப்படும் உத்திகளுக்கு இது சற்றும் குறைந்ததன்று.

அயலாரிடமும் இத்தேவை கருவிகளை ஈன்றது. குளுவாங் போன்ற நகரங்களின் சீனக் கடைகளில் மூங்கிலால் ஆன சிறுகை ஒன்று தொங்கும். நுனியில் வளைந்த விரல்கள் இருக்கும். முதுகு சொறியும் அக்கோலுக்குச் சீனமொழியில் ‘பூ சியூ ரென்’ என்று ஒரு பெயர். எவரையும் இரவாதது என்பது பொருள். அதே கோலை ஜப்பானியர் ‘மகோ நோ தே’ என்கின்றனர்; பேரப்பிள்ளையின் கை என்று பொருள்படும். ஒரே மூங்கில், ஒருவர் அதில் பிறர் துணை வேண்டா நிலையைக் கண்டார், மற்றவர் இல்லாத பேரனைக் கண்டார். நம் மொழியில் இதற்கு நிலைத்த பெயர் ஏதும் எழவில்லை. ‘அந்த நாரு’, ‘அந்தக் குச்சி’ என்று சுட்டுப்பெயரோடு நின்றுவிட்டோம். ஜப்பானியப் பொதுக் குளிப்பகங்களில் முதுகு தேய்த்துவிடுவதற்கென்றே பணியாளர் இருந்தனர். கொரியாவிலோ 1960-களில் பூசான் நகரில் தோன்றிய சொரசொரப்பான கைத்துணியை ‘இத்தாலித் துண்டு’ என்று அழைத்து இன்றும் நாடு முழுதும் பயன்படுத்துகின்றனர்.

அருவியை விட்டுவிட்டேன். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு முதுகைக் காட்டி நிற்போர் அறிந்த இன்பம், நமக்குக் கோத்தா திங்கியில் உண்டு. தோட்ட லாரியில் ஏறிச் சென்று அருவியடியில் நின்ற முதியோர் முகத்தில் தோன்றும் நிறைவு, விழாநாளிலும் காணக் கிடைக்காது. கை நீட்டாமல், எவரையும் கேளாமல், முதுகு முழுதும் ஒரே நேரத்தில் கழுவப்படுகிறதே!

இனி வருவதுதான் இவ்வரலாற்றின் வலி மிகுந்த பகுதி. 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதி பெறவேண்டிய நிலை வந்தது. அதனை ஒட்டிப் பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். கணவன் அங்கும் மனைவி மக்கள் இங்குமாகச் சில குடும்பங்கள் பிரிந்தன. பின்னர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஜொகூர் பாருவைச் சூழ்ந்த தோட்டங்கள் ஒவ்வொன்றாய் வீடமைப்புப் பகுதிகளாயின. மவுண்ட் ஆஸ்டின் இன்று ஒரு நகரின் பெயர். அது இரப்பர்த் தோட்டமாக இருந்ததை அங்கு வாழும் பிள்ளைகள் அறியார். மாசாய், பாசிர் கூடாங் பக்கத்தில் அடுக்ககங்கள் எழுந்தன. லயத்தை விட்டு வெளியேறியோர் அவ்வடுக்ககங்களின் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் ஏறினர்.

புதுவீட்டில் குளியலறை உள்ளே இருந்தது, கதவு இருந்தது, தாழ்ப்பாள் இருந்தது. இது வளர்ச்சிதான். மழையில் நனைந்துகொண்டு குழாயடிக்குப் போன பெண்கள் அத்தாழ்ப்பாளின் அருமையை அறிவர். பொதுத்தொட்டி நாள்களை இன்று பொற்காலமாக்கிப் பேசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஆனால், கதவு சாத்தப்பட்ட அன்றே முதுகு தேய்த்துவிடும் கையும் வெளியே நின்றுவிட்டது. மகன் விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். மருமகளும் வேலைக்குப் போகிறாள். பேரப்பிள்ளைகள் பள்ளியில். தேய்த்துவிடச் சொல்லிக் கேட்பதற்கும் முதியோர் கூசுகின்றனர். வெளியில் பத்துப்பேர் நடுவே கூச்சமின்றிக் கேட்ட பாட்டி, தன் வீட்டுக்குள் மகளிடம் கேட்கத் தயங்குகிறாள். கதவு கட்டிய இடத்தில் உடலைப் பற்றிய நாணமும் புதிதாய்க் குடியேறிவிட்டது. தோட்டத்தில் எண்ணெய் முழுக்கு நாளில் மட்டும் வெளிவந்த பட்டைகளும் குச்சிகளும் அடுக்கக வாழ்வில் அன்றாடக் கருவிகளாயின. துணைவரை இழந்தோர் வீடுகளில் அவை தவறாமல் காணப்படுகின்றன. குளியலறைக் கொக்கியில் தொங்கும் பொருளைப் பார்த்தே அவ்வீட்டில் எவர் இல்லை என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

2030-ஆம் ஆண்டளவில் இந்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தோர் 15 விழுக்காட்டினராவர் என்று கணித்துள்ளனர். நீண்ட பிடியுடைய தேய்ப்பான்களும் சுவரில் ஒட்டும் நெகிழித் தகடுகளும் இப்போது பேரங்காடிகளில் மலிந்துவிட்டன. வாங்குவோர் வாங்கட்டும். முதியோரின் தோல் மெலிந்து வறண்டது. அழுத்தித் தேய்த்தலும் கொதிநீரும் அதற்கு ஆகா. ஈரநாரைக் குளியலறைக்குள்ளேயே வைத்தால் பூஞ்சணமும் கிருமியும் பெருகும். வெயிலில் உலர்த்துவதும் அடிக்கடி மாற்றுவதும் நன்று. இவ்வளவே நான் சொல்லத்தக்கது. மற்றவை மருத்துவர்க்குரியன.

எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு வட்டார வரலாறு கற்பிக்கையில், வீட்டில் தாத்தாவோ பாட்டியோ கையால் செய்த பொருள் ஒன்றைக் கொண்டு வருமாறு ஒருமுறை கேட்டோம். முறமும் ஓலைப்பெட்டியும் வரும் என்று எதிர்பார்த்திருந்தோம். அவையும் வந்தன. அவற்றோடு ஒரு மாணவி, நாளிதழில் சுற்றிய நீண்ட பட்டை ஒன்றைக் கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். நடுவே பீர்க்க நார், பின்புறம் சாக்கு, இருபுறமும் கறுத்த இரப்பர் வளையங்கள், அவற்றுள் ஒன்று மற்றதைவிட ஒரு சாண் நீளம். ஏன் இந்த ஏற்றத்தாழ்வு என்று மாணவர்கள் கேட்டனர். தாத்தாவுக்கு இடக்கை மேலே தூக்க வராது என்றாள் அவள். பட்டையின் தையல் இருவகை நூலால் ஆகியிருந்தது. வெள்ளை நூல் பாட்டி தைத்தது என்றும், பாட்டி போனபின் அறுந்த இடத்தைத் தாத்தா தாமே நீலநூலால் தைத்தார் என்றும் அவள் சொன்னாள். பெயர்ச்சீட்டில் என்ன எழுதுவது என்று ஆசிரியை என்னைக் கேட்டார். ‘முதுகு தேய்ப்பான்’ என்று எழுதச் சொன்னேன். கண்காட்சி வெள்ளிவரை நீடிப்பதாக இருந்தது. வியாழனன்று காலையிலேயே அம்மாணவி என் அறை வாயிலில் வந்து நின்றாள்.

“ஐயா, தாத்தா சனிக்கிழமைக்குள்ள கேட்டாரு. ஞாயித்துக்கிழமை அவரு எண்ணெ தேச்சுக் குளிக்கணுமாம்.”